சமையல் எரிவாயுப் பாதுகாப்பு (இந்தியா)

வீட்டிலும் கடையிலும் ஆலையிலும் புழங்கும் எரிவாயுவால் உயிர்ச்சேதம் நேராமல் காக்க இந்திய அரசு வகுத்த சட்டங்களும் அவற்றை நடத்தும் அலுவலகங்களும் இத்தலைப்பில் அடங்கும். இதற்கென்று தனித்துறை எதுவும் உருவாகவில்லை. எரிவாயுவை வெடிபொருளாக ஒரு சட்டம் பார்க்கிறது. அத்தியாவசியப் பண்டமாக இன்னொன்று. தொழிற்சாலை ஆபத்தாக மற்றொன்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணத்துக்காக வந்த இவை மூன்றும் சேர்ந்தே நம் அடுப்பங்கரையைக் காவல் காத்து வந்திருக்கின்றன.

மூத்தது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். வெடிமருந்தை மனதில் வைத்து எழுதப்பட்டாலும், உயிருக்கோ உடைமைக்கோ பெரும் ஆபத்தான வேறு பொருளையும் வெடிபொருளாகக் கருத அதன் 17ஆம் பிரிவு அரசுக்கு இடம் கொடுத்திருந்தது. 1938இல் அந்தப் பிரிவைக் கொண்டு, உலோகக் கலத்தில் அழுத்தியோ திரவமாக்கியோ அடைத்த வாயு எதுவானாலும் வெடிபொருளே என்று அறிவித்தார்கள். ஆக, அடுப்படியில் நிற்கும் சிவப்பு சிலிண்டர் சட்டத்தின் பார்வையில் வெடிமருந்துக்கு உறவுக்காரன். 1940இல் வாயு உருளை விதிகள் வந்தன. அவை 1981, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் புதிதாக எழுதப்பட்டன.

இவ்விதிகளை நடத்துவது 1898இல் தொடங்கிய வெடிபொருள் துறை. இன்று பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாகப் ‘பெசோ’, என்ற பெயரில் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. சிவகாசிப் பட்டாசு ஆலைக்கு உரிமம் தருவதும் சிலிண்டரின் வடிவமைப்புக்கு ஒப்புதல் தருவதும் ஒரே துறை என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

விதி முதலில் வந்தது, சமையல் கேஸ் பின்னால்தான் வந்தது. 1955இல் பர்மா ஷெல் நிறுவனம் பம்பாயில் இதை விற்கத் தொடங்கியது. 1965இல் கல்கத்தாவில் இண்டேனின் முதல் இணைப்பு தரப்பட்டது. விறகையும் மண்ணெண்ணெயையும் விட்டு வந்த குடும்பங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத எரிபொருள் புதிது. திரவப் பெட்ரோலிய வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. நமக்குப் பழகிய அந்த நாற்றம் எத்தில் மெர்காப்டான் என்ற வேதிப்பொருளைக் கலப்பதால் வருவது. காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு வாயு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்கிறது தரக்கட்டுப்பாடு. இந்திய எரிவாயுப் பாதுகாப்பில் மிகக் குறைந்த செலவில் மிக அதிக உயிர்களைக் காத்த ஏற்பாடு இதுவாகத்தான் இருக்கும்.

சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். ‘சி-27’ என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் அந்தக் கலத்தை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். புதுச் சிலிண்டருக்குப் பத்து ஆண்டிலும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் இச்சோதனை நடக்கிறது. காலாவதித் தேதி என்று பலர் இதைப் பிழையாகப் படிக்கிறார்கள். கெடுவது வாயு அல்ல, சோதிக்க வேண்டியது இரும்பு. சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலிலேயே எடைபோட்டுக் காட்ட வேண்டும், மூடியைக் கழற்றிக் கசிவு பார்த்துத் தர வேண்டும் என்பதும் விதிதான். மாடிப்படி ஏறிவந்த களைப்பில் அவரும் காட்டுவதில்லை. அடுப்பில் பாதி வெந்த சோற்றோடு நிற்கும் நாமும் கேட்பதில்லை.

கண்காணிப்பு வலுவாக இருப்பது வால்வு வரைக்கும்தான். அதற்கப்பால் இருக்கும் ஒன்றரை மீட்டர் ரப்பர் டியூபும் அடுப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு. டியூபுக்கு ஐ.எஸ். 9573, அடுப்புக்கு ஐ.எஸ். 4246 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரம் வகுத்திருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை டியூபை மாற்றச் சொல்கின்றன. ஏஜென்சி மெக்கானிக் வீட்டுக்கு வந்து பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் சமையலறைக்குள் அதிகாரி நுழைந்து ‘உங்கள் டியூபில் விரிசல் இருக்கிறது’ என்று அபராதம் போடும் வழக்கம் இங்கே இல்லை. கசிவைப் புகார் செய்ய 2016 ஜனவரி முதல் 1906 என்ற எண் இருக்கிறது.

இரண்டாவது சட்டம் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம். இதன்கீழ் 1988, 1993, 2000 ஆண்டுகளில் எரிவாயு வழங்கல் ஆணைகள் வந்தன. வீட்டுச் சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு வாயு மாற்றக் கூடாது என்பவை இவற்றின் முக்கியத் தடைகள். டீக்கடையில் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைக் கண்டால் பறிமுதல் செய்ய வருபவர் வட்ட வழங்கல் அலுவலர். அவர் கவலை பெரும்பாலும் மானியம் களவு போவது பற்றியது. பாதுகாப்பு அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது.

பணியிடங்களில் நிலைமை வேறு. 100 கிலோ வரை சிலிண்டர் வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்கின்றன உருளை விதிகள். 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவதை இறக்கினால் உணவகக்காரர் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆலைகளில் மூன்றாவது சட்டமான 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 2025 வரை மாநில அரசு வழியாக நடந்தது. தமிழ்நாட்டில் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் வேலையாக இருந்தது. 1984 டிசம்பரில் போபால் நச்சுவாயு விபத்து நடந்தபின் தொழிற்பாதுகாப்புத் துறையே உலுக்கப்பட்டது. 1986இல் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் அமைந்தது, 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது, 1989இல் அபாயகர வேதிப்பொருள் விதிகள் வந்தன. அப்படியும் 1997 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினம் சுத்திகரிப்பு நிலையத்தில் கசிந்த எரிவாயு தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சட்டம் இருந்தும் அதன் கண் எட்டாத இடங்களும் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 விடியலில் மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் தடையை மீறிப் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துச் சமைத்துவந்தார்கள். ஒன்பது பேர் இறந்தனர்.

சிலிண்டர் போக, குழாய்வழி எரிவாயுவும் உண்டு. 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், நகரங்களில் குழாய்வழி எரிவாயு தரும் நிறுவனங்களுக்கு அனுமதி தருகிறது. பாதுகாப்புத் தரங்களையும் வகுக்கிறது. குழாயில் வருவது இயற்கை எரிவாயு. காற்றைவிட லேசானது, கசிந்தால் கூரைப்பக்கம் ஏறும். சிலிண்டர் வாயு கனமானது, தரையில் படரும். சிலிண்டரை நம்பித் தரையை ஒட்டிக் காற்றுத்துவாரம் வைத்த வீட்டில் குழாய் இணைப்பு வாங்கினால், மேலேயும் ஒரு துவாரம் உடைக்க வேண்டியிருக்கும்.