மலையகத்தார் வேடத்தில் மலையகத்தார் எங்கே?

2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, இந்த மண் தந்தவர்களாக எம்.ஜி.ஆரையும் முத்தையா முரளிதரனையும் குறிப்பிட்டார். ஒருவர் தமிழ்த்திரையை ஆண்டவர். மற்றவருடைய வாழ்க்கையே பின்னர் தமிழ்ப் படமானது. ஆனாலும் மலையகத் தமிழரின் முகமும் பேச்சும் திரையில் அரிதாகவே தெரிகின்றன.

முரளிதரனின் கதையான '800' படத்தில் முதலில் விஜய் சேதுபதி நடிக்கவிருந்தார். போர் பற்றி முரளிதரன் கூறியவை தமிழர்களைக் காயப்படுத்தியிருந்ததால் எதிர்ப்பு எழுந்தது; 2020 ஒக்டோபரில் நடிகர் விலகினார். 2023இல் வெளியான படத்தில் ஆக்ராவில் பிறந்த மதுர் மிட்டல் நடித்தார். அந்தக் காயத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மலையக நடிகர் ஒருவரை ஏன் தேடவில்லை என்ற கேள்வி அந்த விவாதத்தில் என் கண்ணில் படவேயில்லை.

தமிழக சினிமாவில் இலங்கைத் தமிழர் என்றால் பெரும்பாலும் அகதி அல்லது போராளி. பேச்சு யாழ்ப்பாணத் தமிழ். 'தெனாலி' (2000) படத்தில் எதற்கும் அஞ்சும் அகதியாகக் கமல்ஹாசன் அந்தத் தமிழைப் பேசினார், அரங்குகள் சிரித்தன. அந்தப் பயத்தைத் தந்தது போர்.

இந்த அச்சுக்குள் மலையகத்தார் இல்லை. இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் அவர்கள் 'இந்தியத் தமிழர்' என்றே பதிவானார்கள். இந்தியாவுக்குப் போனால் 'சிலோன்காரர்'. எந்த வேடத்துக்கும் அவர்கள் வெளியாட்கள்தான்.

புலம்பெயர் நாடுகளில் சிக்கல் வேறு விதமானது. கனடாவில் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மைத்ரேயி இராமகிருஷ்ணன், 2020இல் நெட்பிளிக்ஸ் தொடரொன்றின் நாயகியானார். ஏற்ற பாத்திரமோ இந்திய வம்சாவளிப் பெண்.

விதிவிலக்குகளும் உண்டு. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தின் நாயகன் ஷோபாசக்தி, அல்லைப்பிட்டியில் பிறந்து, இயக்கத்தில் இருந்து, பிரான்ஸில் தஞ்சமடைந்தவர். முன்னாள் போராளியின் வேடத்தை அந்த வாழ்வை அறிந்தவரே ஏற்றார். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் 'புதிய காற்று' (1975) படத்தைத் தயாரித்து, அதில் நடித்து, தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

மலையகத்தில் நடிகர்களுக்குப் பஞ்சமில்லை. மாசியில் காமன் கூத்து ஆடுவோர் தோட்டங்கள்தோறும் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வேடம் கட்டியவர்கள் அவர்கள். சினிமாவின் நடிகர் தேர்வு மட்டும் லயன்களைத் தேடி வருவதில்லை.

இது மலையகத்தின் கவலை மட்டுமல்ல. 1977, 1983 வன்செயல்களால் விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய மலையக மக்கள் இறுதிப் போரிலும் சிக்கினார்கள். போரைப் படமாக்கும்போது அவர்களையும் யாழ்ப்பாணப் பேச்சுக்குள் அடக்கிவிட்டால், அவர்களின் இழப்பு பதிவிலிருந்தே மறைந்துவிடும். எங்களைத் தமிழகம் தவறாகக் காட்டுகிறது என்று கேட்கும் நாம், நம் படங்களிலும் குறும்படங்களிலும் மலையகத்தாருக்கு என்ன வேடம் கொடுக்கிறோம் என்பதையும் கேட்கவேண்டும்.