மகிழ்ச்சியான முடிவே குற்றமாக இருந்த காலம்

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். போர்ஸ்டர் 1914ஆம் ஆண்டில் ஒரு நாவலை எழுதி முடித்தார். 'மொரிஸ்' என்பது அதன் பெயர். அப்போது அவருக்கு வயது 35. அதன் பின்னர் 56 ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார். 1924இல் 'எ பசேஜ் டு இந்தியா' வெளிவந்து உலகப் புகழையும் தேடிக்கொடுத்தது. ஆனால் மொரிஸ் நாவலின் கையெழுத்துப் பிரதி நெருங்கிய நண்பர்கள் சிலரின் கைகளில் மாத்திரமே உலவிக்கொண்டிருந்தது. 1970 யூன் மாதத்தில் போர்ஸ்டர் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டிலேயே அந்த நாவல் அச்சேறியது.

அது இரு ஆண்களின் காதலைச் சொல்லும் நாவல். எனினும், அது மறைத்துவைக்கப்பட்டமைக்கு அதுமாத்திரம் காரணமல்ல. அந்தக் காதலர்கள் இறுதியில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதே பெரிய தடையாக இருந்தது. கதை தூக்குக் கயிற்றிலோ தற்கொலையிலோ முடிந்திருந்தால் அதனை வெளியிடுவதில் அவ்வளவு சிக்கல் இருந்திருக்காது என்ற கருத்தை, 1960இல் அந்த நாவலுக்கு எழுதிய பின்குறிப்பில் போர்ஸ்டரே பதிவு செய்திருக்கிறார். மகிழ்ச்சியான முடிவு, குற்றத்தைப் பரிந்துரைப்பதாகக் கருதப்படும் என்பது அவருடைய கணிப்பு.

தன்பாலீர்ப்புடைய இருவரின் காதலைச் சொல்லும் நாடகங்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தக் குறிப்பைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை என்று நான் நினைக்கிறேன். இன்று இத்தகைய கதைகள் திரைப்படங்களாகவும் தொலைக்காட்சித் தொடர்களாகவும் உலகெங்கும் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் நடுவே ஒரு மனவடு இருக்கிறது. போருக்குள் வாழ்ந்த எமக்கு அந்தச் சொல்லைப் புதிதாக விளக்கவேண்டியதில்லை. அந்த வடு எங்கிருந்து வந்தது, அதனை யார் சுமக்கிறார்கள், காதல் அதனை என்ன செய்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறது.

அருணாசலத்தின் நண்பர்

போர்ஸ்டருக்கு இந்த நாவலை எழுதும் துணிவு எங்கிருந்து வந்தது என்பதில் தமிழ் வாசகர்கள் பலர் அறிந்திராத ஒரு தொடர்பு உண்டு.

சேர். பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் கல்வி கற்ற நாட்களில் அவருக்கு நண்பரானவர் எட்வேர்ட் கார்பென்ரர். பின்னாளில் பிரித்தானிய சோஷலிச இயக்கத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர் அவர். அருணாசலத்தின் அழைப்பை ஏற்று 1890இல் இலங்கை வந்தார். இங்கு இராமசுவாமி என்ற தமிழ் ஞானியிடம் அமர்ந்து பாடம் கேட்டார். 'ஆதாமின் சிகரத்திலிருந்து எலிபன்ராவரை' என்ற பொருள்படும் தலைப்பில் 1892இல் அவர் வெளியிட்ட பயண நூலில் அந்த ஞானியைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். அருணாசலத்தின் கடிதங்களை, அவரது மறைவுக்குப் பின்னர் 1927இல் நூலாக்கியவரும் கார்பென்ரரே.

எமது வரலாற்று நூல்களில் கார்பென்ரர் பற்றிய செய்தி பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகிறது. கீழைத்தேயப் பயணத்தை முடித்துக்கொண்டு 1891இல் இங்கிலாந்து திரும்பிய பின்னர், ஜோர்ஜ் மெரில் என்ற தொழிலாள வகுப்பு இளைஞரை அவர் சந்தித்தார். 1898 முதல் இருவரும் மில்தோர்ப் என்ற கிராமத்தில் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 1928இல் மெரில் இறக்கும்வரை அந்த இல்லறம் நீடித்தது. அடுத்த ஆண்டு கார்பென்ரரும் காலமானார்.

அவர்கள் சேர்ந்து வாழத் தொடங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1895இல், ஒஸ்கார் வைல்ட் இரண்டு ஆண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார் என்பதை இங்கு மனதிற்கொள்ளவேண்டும். 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கிடையிலான உறவை, நான்கு சுவர்களுக்குள் நடந்தாலும், குற்றமாக்கியிருந்தது. அத்தகைய காலத்தில் இருவர் ஒரே கூரையின் கீழ் தோட்டம் பயிரிட்டும் விருந்தினரை உபசரித்தும் முதுமைவரை வாழ்ந்தார்கள்.

1913இல் போர்ஸ்டர் அந்த வீட்டுக்குச் சென்றார். அங்கு மெரில் தம் முதுகை மெல்லத் தொட்டதே மொரிஸ் நாவலின் கருவாக அமைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். மகிழ்ச்சியான முடிவை அவர் வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. அப்படி வாழ்ந்துகொண்டிருந்த இருவரை நேரிலே கண்டுவிட்டுத்தான் எழுதினார்.

காதலர்களுக்கு நடுவே நின்ற சட்டம்

மொரிஸ் நாவலில் மனவடு எவ்வாறு கையாளப்படுகிறது? கேம்பிரிட்ஜில் பயிலும் மொரிஸ், சக மாணவன் கிளைவைக் காதலிக்கிறான். சில ஆண்டுகளின் பின்னர் கிளைவ் விலகிச்சென்று ஒரு பெண்ணை மணம் புரிகிறான். உடைந்துபோன மொரிஸ் தனக்கு நோய் என்று எண்ணி குடும்ப வைத்தியரிடம் போகிறான். அவர் அந்தப் பேச்சைக் கேட்கவே மறுக்கிறார். பின்னர் மனோவசிய சிகிச்சை செய்பவர் ஒருவரை நாடுகிறான். அதுவும் பலிக்கவில்லை.

அப்போதுதான் கிளைவின் பண்ணையில் வேட்டைக்காவலனாக வேலை செய்யும் அலெக் அவன் வாழ்வில் வருகிறான். ஓர் இரவின் பின்னர் இருவருமே ஒருவரையொருவர் கண்டு அஞ்சுகிறார்கள். மொரிஸ் மறுபடி சந்திக்க வராததால் அவமானப்பட்ட அலெக், மிரட்டும் தொனியில் கடிதம் எழுதுகிறான். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். பணக்காரனுக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்ற பயம். ஏழைக்குத் தன்னைத் தூக்கியெறிந்துவிடுவான் என்ற பயம். அந்த உரையாடலின் போக்கிலேயே மிரட்டல் கரைந்து நம்பிக்கை பிறக்கிறது. இறுதியில் அலெக் ஆர்ஜென்டீனாவுக்குச் செல்லவிருந்த கப்பலில் ஏறாமல் நின்றுவிடுகிறான்.

இங்கு சட்டம் சிறைக்கதவாக வெளியே நிற்கவில்லை. காதலர் இருவருக்கும் நடுவே வந்து நிற்கிறது. ஒருவன் மற்றவனை அழிப்பதற்கான ஆயுதத்தை இருவர் கையிலும் கொடுத்துவைத்திருக்கிறது. அந்த ஆயுதத்தை இருவரும் கீழே வைப்பதுதான் இந்த நாவலில் காதல் என்று சொல்லப்படுவது.

1987இல் ஜேம்ஸ் ஐவரி இந்நாவலைத் திரைப்படமாக்கினார். பம்பாயில் பிறந்த இஸ்மாயில் மேர்ச்சன்ற் அதன் தயாரிப்பாளர். கிளைவின் மனமாற்றத்துக்கு நாவலில் வெளிப்படையான காரணம் இல்லை. திரைப்படமோ ஒரு காரணத்தைச் சேர்த்தது: அவர்களது நண்பன் ஒருவன் கைதாகித் தண்டனை பெறுகிறான், அதனைக் கண்ட அச்சத்திலேயே கிளைவ் பின்வாங்குகிறான். கிளைவ் மாறிவிட்டான் என்று 1914இல் எழுதப்பட்டது, கிளைவ் காயப்பட்டான் என்று 1987இல் காட்டப்பட்டது. தனிமனிதனின் குணமாகத் தெரிந்த ஒன்றை சமூகம் உண்டாக்கிய வடுவாகப் பார்க்க இடைப்பட்ட காலம் கற்றுக்கொடுத்திருந்தது.

இறப்புகளின் பட்டியல்

இடைப்பட்ட அந்தக் காலத்தில் திரையில் நடந்தது வேறு. ஹொலிவூட் 1930இல் வகுத்து 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்திய தணிக்கை விதிகள், இத்தகைய உறவுகளைத் திரையில் காட்டுவதையே தடைசெய்தன. 1961இல் அந்தத் தடை தளர்ந்தபோது வந்த படங்களில் ஒன்று 'த சில்ரன்ஸ் அவர்'. தன் தோழியை நேசிப்பதாக ஒப்புக்கொள்ளும் ஆசிரியை அதில் தூக்கிட்டு இறக்கிறாள். போர்ஸ்டர் சொன்ன அந்தத் தூக்குக் கயிறு எழுத்துப் பிசகாமல் திரைக்கு வந்தது.

அதே 1961இல் பிரித்தானியாவில் வெளியான 'விக்டிம்' படத்திலும் ஓர் இளைஞன் பொலிஸ் சிறைக்கூடத்தில் தூக்கிட்டு இறக்கிறான். ஆனால் அவன் சாவதற்கான காரணம் வேறு. தான் நேசித்த வழக்கறிஞரை மிரட்டல்காரர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகவே அவன் பணம் திருடியிருந்தான். உண்மையை அறிந்த வழக்கறிஞர், தன் தொழிலும் பெயரும் அழியும் என்று தெரிந்தே சாட்சி சொல்ல முன்வருகிறார். டேர்க் போகார்ட் அந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்தார். இந்த உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குமாறு 1957இல் வொல்பென்டன் குழு பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரை 1967இல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமாகியது. மரணத்தைக் காதலின் தண்டனையாகக் காட்டாமல் சட்டத்தின் குற்றமாகக் காட்டியதே விக்டிம் செய்த பெரிய மாற்றம்.

1981இல் விட்டோ ருசோ 'த செலுலொயிட் குளோசெட்' என்ற நூலை வெளியிட்டார். ஹொலிவூட் படங்களில் இத்தகைய பாத்திரங்கள் எவ்வாறு சித்திரிக்கப்பட்டன என்பதைப் படம் படமாக ஆராய்ந்த நூல் அது. கொலை, தற்கொலை என்று முடிந்த பாத்திரங்களை அவர் ஒன்றுதிரட்டிக் காட்டியபோதுதான், தனித்தனியே சோகக் கதைகளாகத் தெரிந்தவை ஒரு விதியாகவே தொடர்ந்திருப்பது பலருக்கும் புரிந்தது.

தந்தை காட்டிய சடலம்

அனி புரூல் எழுதிய 'புரோக்பேக் மவுன்டன்' சிறுகதை 1997இல் நியூயோர்க்கர் சஞ்சிகையில் வெளியானது. ஆங் லீ 2005இல் அதனைத் திரைப்படமாக்கினார். இங்கும் காதலர்களில் ஒருவன் இறக்கிறான். ஆகவே பழைய விதிதான் என்று தோன்றலாம். ஆனால் கதையின் மையம் அந்த மரணத்தில் இல்லை.

எனிஸ் சிறுவனாக இருந்தபோது, ஓர் ஆணுடன் சேர்ந்து வாழ்ந்த குற்றத்துக்காக அடித்துக் கொல்லப்பட்ட ஒருவரின் சடலத்தை அவனுடைய தந்தை அழைத்துச்சென்று காட்டுகிறார். அன்றே அவன் வாழ்வு தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பண்ணை ஒன்று வாங்கிச் சேர்ந்து வாழ்வோம் என்று ஜக் பல முறை கேட்டும் அவனால் இணங்க முடியவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள், வருடத்தில் சில நாட்கள் மலையில் சந்திப்பதுடன் அந்த உறவு நின்றுவிடுகிறது. அவனை மணந்த பெண்ணும் அந்த அச்சத்தின் விலையைச் செலுத்துகிறாள். சட்டமோ காவல்துறையோ தலையிடவேண்டிய தேவையே ஏற்படவில்லை. ஒரு முறை காட்டப்பட்ட சடலம் ஆயுள் முழுவதும் காவல் நிற்கிறது.

இக்கதை வெளியாகி ஓர் ஆண்டின் பின்னர், 1998 ஒக்டோபரில், கதை நிகழும் அதே வயோமிங் மாநிலத்தில் மத்தியூ ஷெப்பர்ட் என்ற மாணவர் அடித்து வேலியில் கட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். எனிஸின் பயம் மிகைப்படுத்தல் அல்ல என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

கொழும்பில் ஒரு காதல்

எமது மண்ணின் கதை ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட 'ஃபனி போய்'. கொழும்பில் வளரும் தமிழ்ச் சிறுவன் அர்ஜிக்கு, பாடசாலையில் சிங்கள மாணவன் ஷெஹானுடன் காதல் ஏற்படுகிறது. குடும்பத்துக்குள்ளே ஒரு பயம். வீதியிலே வேறொரு பயம். 1983 யூலையில் வீடு எரிகிறது. குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது.

இந்நாவலின் தனித்தன்மை, காதலர்களைப் பிரிக்கும் வடு அவர்களின் காதலினால் வந்ததல்ல என்பதே. அதே நாவலில் ராதா மாமிக்கும் சிங்கள இளைஞர் அனிலுக்கும் இடையிலான காதலையும் இனவன்முறையே முறிக்கிறது. ஆண் பெண் காதலுக்கும் இரு ஆண்களின் காதலுக்கும் ஒரே தீ வந்து சேர்கிறது. ஒருவன் தமிழன், மற்றவன் சிங்களவன் என்ற உண்மை கடைசி நாட்களில் அந்த இருவருக்கும் நடுவிலும் வந்து அமர்கிறது. தீபா மேத்தா 2020இல் இதனைத் திரைப்படமாக்கியபோது நடிகர் தேர்வும் தமிழ் உச்சரிப்பும் தமிழர்களின் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது. எனினும், அந்த இரைச்சலில் நாவலின் காதல் பேசப்படாமலே போய்விட்டது என்பது என் வருத்தம்.

காதல் மருந்தாகுமா?

அண்மைக் காலத்துத் தொடர்களில் காதலர்கள் பொதுவாக இறப்பதில்லை. கேள்வியும் மாறியிருக்கிறது.

ஜப்பானில் யொஷினாகா பூமி 2007இல் தொடங்கிய சித்திரக்கதை 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' 2019இல் தொலைக்காட்சித் தொடராகியது. சட்டத்தரணி ஒருவரும் சிகையலங்காரக் கலைஞர் ஒருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். சட்டத்தரணி தம் உறவை வேலைத்தளத்தில் மறைக்கிறார். மற்றவர் மறைக்க விரும்புவதில்லை. பெற்றோரின் வேதனை, முதுமை பற்றிய கவலை எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொரு நாளும் மரக்கறியின் விலை பார்த்து வாங்கிச் சமைத்து, இருவரும் அமர்ந்து உண்கிறார்கள். காயம் ஆறுகிறதா என்று தொடர் கேட்பதில்லை. காயத்துடன் எப்படி ஒரு வீட்டை நடத்துவது என்று காட்டுகிறது. மில்தோர்ப் வீட்டின் வாசனை இதிலே வீசுகிறது.

அலிஸ் ஒஸ்மனின் 'ஹார்ட்ஸ்ரொப்பர்' 2022இல் தொடராக வரத் தொடங்கியது. பாடசாலையில் துன்புறுத்தப்பட்ட சார்லி உணவை ஒறுக்கிறான், தன் உடலையே காயப்படுத்துகிறான். அவனை நேசிக்கும் நிக், தன் அன்பினாலேயே அவனைக் குணப்படுத்திவிடலாம் என்று நம்புகிறான். அன்பு துணை நிற்கலாம், சிகிச்சைக்கு ஈடாகாது என்பதை நிக் கற்றுக்கொள்கிறான். சார்லி வைத்திய உதவியை நாடுகிறான். காதலே சர்வரோக நிவாரணி என்று பாடிப்பழகிய எமது திரைப்படங்கள் இன்னும் சொல்லத் தயங்கும் உண்மை இது.

எமது நாட்டில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் பிரித்தானியர் எழுதிவைத்த 365ஆம் பிரிவைத் தங்கள் சட்டத்தை மாற்றிக்கொண்டு அவர்கள் என்றோ கடந்துவிட்டார்கள். இங்கு 1995இல் செய்த திருத்தமோ 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரிவாக்கியது. குற்றநீக்கம் செய்வதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும், அதனைச் சட்டமாக்கும் துணிவை அந்தப் பாராளுமன்றம் காட்டவில்லை.

நான் பத்திரிகை அலுவலகங்களில் கழித்த ஆண்டுகளில் இத்தகைய உறவு பற்றிய செய்தி ஏறக்குறைய எப்போதும் பொலிஸ், நீதிமன்றச் செய்திகளுக்குரிய பக்கத்திலேயே வந்தது. இருவர் சேர்ந்து முதுமைவரை வாழ்ந்தார்கள் என்பது எவருக்கும் செய்தியாகத் தோன்றவில்லை. தங்கள் இயல்பை அஞ்சி ஒளிக்கும் இளையோருக்கு அந்தப் பக்கங்கள் என்ன எதிர்காலத்தைக் காட்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அருணாசலம் தம் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் போய்ச் சேர்ந்த வீட்டில் அந்த எதிர்காலம் ஏற்கெனவே வாழப்பட்டுக்கொண்டிருந்தது. அதனையும் எமது வரலாற்றின் ஒரு பகுதியாகவே நாம் வாசிக்கவேண்டும்.