வரிசையில் முதலில் ஆர்? வீட்டு ரவுட்டரில் குரலுக்கு இடம் கேட்ட கதை

எங்கள் வீடுகளில் பின்னேரத்தில் வருகிற வெளிநாட்டு அழைப்புகள் கனக்க ஒரே மாதிரித்தான் முடியும். அம்மா கனடாவில் இருக்கிற சித்தியோடு வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருப்பா. சித்தியின்ர குரல் இங்கே வடிவாகக் கேட்கும். ஆனால் சித்திக்கு அம்மாவின் குரல் வெட்டி வெட்டித்தான் போய்ச்சேரும். "கேக்குதோ? இப்ப கேக்குதோ?" என்று நாலுதரம் கேட்டுவிட்டு, "சரி, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவா. அதே நேரம் பக்கத்து அறையில் எங்களில் ஒருவருடைய போன், அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் தன்பாட்டில் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும். "லைன் சரியில்லை" என்று பழியை லைனில் போட்டுவிட்டு எல்லாரும் எழும்பிப் போய்விடுவோம்.

லைன் சரியில்லை என்பது பாதி உண்மைதான். அம்மாவின் குரலும் எங்கட படங்களும் ஒரே வாசலால், ஒரே வரிசையில் நின்று வெளியே போகவேண்டியிருக்கிறது. அந்த வரிசையில் ஆரை முதலில் விடுவது என்பது அறுபது வருடப் பழைய கேள்வி. இராணுவம், தொலைபேசிக் கம்பனிகள், அரசுகள், வீட்டிலிருந்து நிரல் எழுதிய ஆட்கள் என்று ஒவ்வொருவரும் அதற்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரலாறு விளங்கினால், வீட்டு ரவுட்டரில் எதை மாற்றவேண்டும் என்பதும் விளங்கும்.

பிந்தி வந்த "ஓம்"

பழைய தொலைபேசியில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. ஒரு அழைப்பு இணைக்கப்பட்டால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பாதை முழுதாக ஒதுக்கப்பட்டுவிடும். நீங்கள் கதைத்தாலும் சும்மா இருந்தாலும் அது உங்களுக்குத்தான். இணையத்தில் அப்படி ஒதுக்குவது கிடையாது. எல்லாம் சிறு சிறு பொதிகளாக வெட்டப்பட்டு, மற்றவர்களின் பொதிகளோடு சேர்ந்து பயணிக்கின்றன. குரல் வழமையாக 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டப்படும். அதாவது செக்கனுக்கு 50 பொதிகள். தொலைபேசி உலகின் பழைய ஜி.711 முறையில் ஒரு துண்டில் 160 பைற் குரலும், முகவரி முதலானவற்றுக்காக 40 பைற்றும் இருக்கும். கூட்டிப்பார்த்தால் செக்கனுக்கு 80 கிலோபிற். இன்றைய போன்களில் இருக்கிற முறைகளுக்கு இதைவிடக் குறைவாகவே போதும்.

ஆகவே குரலுக்குப் பெரிய அகலம் தேவையில்லை. அதற்குத் தேவைப்படுவது நேரம் தவறாமை. ஒரு கடிதம் இரண்டு நாள் பிந்தி வந்தாலும் அது அதே கடிதந்தான். ஆனால் "வாறியோ?" என்ற கேள்விக்குச் சொன்ன "ஓம்" ஒரு செக்கன் பிந்திப் போய்ச்சேர்ந்தால், அது அடுத்த கேள்விக்கான பதிலாகிவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குப் பாதிப்பு இராது என்கிறது. அதற்கு மேலே கூடக்கூட ஆளுக்காள் குறுக்கே விழத் தொடங்குவோம்.

1974 ஓகஸ்டில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற்றில் கலிபோர்னியாவுக்கும் மாசசூசெற்சுக்கும் இடையில் குரலைப் பொதிகளாக அனுப்பிப் பார்த்தார்கள். அந்த முயற்சியில் முக்கியமானவர் டானி கோஹன். அந்த நாளைய விதிமுறைகள், தொலைந்த பொதியைத் திரும்பக் கேட்டு வாங்கி, ஒழுங்காக அடுக்கிய பிறகுதான் அடுத்ததைக் கொடுத்தன. கோப்புக்கு அது நல்லது. குரலுக்கோ அது கேடு, ஏனென்றால் தொலைந்த துண்டுக்காகக் காத்து நிற்கிற நேரத்தில் உரையாடல் கடந்துபோய்விடும். குரலுக்காகக் கதைத்தவர்களின் வற்புறுத்தலும் சேர்ந்துதான் 1978இல் ரிசிபி என்ற ஒற்றை விதிமுறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பொதியைக் கொண்டுபோவது ஐபியின் வேலை, தொலைந்ததைத் திரும்பப் பெறுவது ரிசிபியின் வேலை என்றானது. திரும்பப் பெறத் தேவையில்லாதவற்றுக்கு யூடிபி வந்தது. இன்றைக்கும் எங்கட அழைப்புகளில் பெரும்பாலானவை அந்தப் பாதையால்தான் போகின்றன.

தளபதிக்கு முதலிடம்

வரிசையில் முதலில் ஆர் என்ற கேள்விக்கு முதலில் பதில் எழுதியது இராணுவம். 1960களில் ஐக்கிய அமெரிக்க இராணுவம் ஓட்டோவொன் என்ற தனித் தொலைபேசி வலையமைப்பைக் கட்டியது. அதில் சில போன்களில் வழமையான பன்னிரண்டு பொத்தான்களுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரையாக நான்கு பொத்தான்கள் இருந்தன. அவை அழைப்பின் தரத்தைக் குறிப்பவை. லைன் எல்லாம் நிரம்பியிருக்கிற நேரத்தில் உயர்ந்த தரப் பொத்தானை அமத்தினால், கீழ்த்தரத்தில் கதைத்துக்கொண்டிருந்தவரின் அழைப்பு அறுக்கப்பட்டு இவருக்கு வழி விடப்படும்.

1981இல் ஐபி விதிமுறை எழுதப்பட்டபோது அதே பதவிப் படிநிலை ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் ஏறிக்கொண்டது. எட்டுப் படிகளைக் குறிக்க மூன்று பிற்றுகள் ஒதுக்கப்பட்டன. இராணுவத் தந்திச் சொற்களான பிளாஷ், பிளாஷ் ஓவர்றைட் போன்ற பெயர்களும் அப்படியே வந்தன. எங்கட அம்மாவின் "சாப்பிட்டியளோ?" என்ற கேள்வியைச் சுமக்கிற பொதியிலும் அந்த இடம் இன்னும் இருக்கிறது.

1998இல் அந்த இடம் வேறு முறையில் பயன்படுத்தப்பட்டது. பதவிக்குப் பதிலாகத் தேவையின் வகையைக் குறிக்கும் எண்கள் வந்தன. குரலுக்கு வழக்கமாகப் போடப்படும் எண் 46. ரவுட்டரில் டிஎஸ்சிபி என்ற சொல்லைக் கண்டிருந்தால் அது இதுதான். ஒரு அலுவலகத்துக்குள் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் எல்லாப் பெட்டிகளும் ஒரே ஆளின் சொல்லைக் கேட்கும். பொது இணையத்தில் அப்படி நடக்காது. 46 என்ற அடையாளத்தை ஆரும் தங்கட பொதியில் ஒட்டலாம், பொய்யாகவும் ஒட்டலாம். ஆகவே இணைய நிறுவனங்கள் பலவும் வெளியாட்களின் அடையாளத்தைக் கணக்கெடுப்பதில்லை. சில அதை அழித்தும் விடுகின்றன.

கதவை மூடுகிறவர்கள்

1995இல் வோகல்ரெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் கணினியிலிருந்து கணினிக்குக் கதைக்கிற மென்பொருளை விற்கத் தொடங்கியது. 2003இல் ஸ்கைப் வந்தது. நிமிடத்துக்குக் காசு வாங்கிய தொலைபேசிக் கம்பனிகளுக்கு இது நேரடியான அடி. இணைய இணைப்பைக் கொடுப்பதும் அதே கம்பனிகளாக இருந்த இடங்களில் சிக்கல் வெடித்தது. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த மடிசன் ரிவர் என்ற கம்பனி, தன்னுடைய இணைப்பில் வொனேஜ் போன்ற இணையத் தொலைபேசிகள் இயங்காமல் தடுத்தது. 2005 மார்ச்சில் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணைக்குழுவோடு உடன்பட்டு 15,000 டொலர் செலுத்தி அதை நிறுத்திக்கொண்டது. இணையச் சமநிலை பற்றிய வாதங்களில் இன்றும் முதலாவதாகச் சொல்லப்படுகிற வழக்கு இது.

இந்தக் கதை எங்களுக்குத் தூரத்துக் கதையில்லை. இலங்கையில் 2002 ஓகஸ்ட் வரை வெளிநாட்டு அழைப்பு ஒரே நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகும் அரசு பேஸ்புக்கோடு சேர்த்து வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. வெறுப்புப் பரவுவதைத் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து "உயிரோட இருக்கிறியளோ?" என்று கேட்கக் கனபேருக்குப் பழகியிருந்த வழியும் அதோடு சேர்ந்து மூடுப்பட்டது. ஒரு பொதி எந்த வகை என்று பார்த்து அதை முன்னுக்கு விடத் தெரிந்த கருவிக்கு, அதே பொதியை நிறுத்தவும் தெரியும். ஆகவே அந்தக் கருவி ஆரின் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

பெட்டி எங்கட கைக்கு வந்தது

2002 கடைசியில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்ரி54ஜி என்ற நீலமும் கறுப்புமான வீட்டு ரவுட்டரை வெளியிட்டது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று 2003இல் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமத்தின்படி, அதை மாற்றி விற்கிறவர் மூல நிரலையும் கொடுக்கவேண்டும். கேள்வி எழுந்த பிறகு நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதை அடியாக வைத்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்ரி தொடங்கியது. டிடி-டபிள்யூஆர்ரி, ரொமாற்றோ என்று வேறும் வந்தன. மலிவான ஒரு பெட்டியில் வரிசையை ஒழுங்குபடுத்துகிற அதிகாரம் வீட்டில் இருக்கிற ஆளின் கைக்கு வந்தது இப்படித்தான்.

அந்த நாளைய பிரச்சினையை ஒரு கணக்கோடு பார்ப்போம். ஏடிஎஸ்எல் இணைப்பில் உள்ளே வருகிற வேகம் கூட, வெளியே போகிற வேகம் குறைவு. வெளியே 128 கிலோபிற் என்று வையுங்கோ. படம் ஏற்றுகிற ஒரு பெரிய பொதி 1500 பைற். அது ஒன்று வெளியேற மட்டும் கிட்டத்தட்ட 94 மில்லிசெக்கன் எடுக்கும். குரலுக்கான 150 மில்லிசெக்கனில் பெரும்பங்கை ஒரேயொரு பொதி தின்றுவிடும். முன்னால் இரண்டு நின்றால் சரி, கதை முடிந்தது. சித்தியின் குரல் எங்களுக்குக் கேட்டு, எங்கட குரல் அங்கே கேட்காமல் போவதற்குக் காரணமும் இந்த ஒருபக்க ஒடுக்கந்தான்.

பேர்ட் ஹியூபேர்ட் என்பவர் 2002 அளவில் எழுதிப் பரப்பிய வொண்டர்ஷேப்பர் என்ற சின்ன நிரலில் ஒரு தந்திரம் இருந்தது. வரிசை உண்மையில் உருவாகிற இடம் ரவுட்டர் இல்லை, அதற்கு அங்கால் இருக்கிற மொடெம். ரவுட்டர் எவ்வளவு ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தாலும் மொடெம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வாங்கிக் குவித்துவிடும். ஆகவே ரவுட்டரின் வேகத்தை லைனின் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால், வரிசை மொடெமிலிருந்து ரவுட்டருக்கு இடம்மாறும். பிறகு முதலில் ஆர் என்று நாங்கள் சொல்லலாம். கொஞ்ச வேகத்தை விட்டுக்கொடுத்து வரிசையின் மேல் அதிகாரத்தை வாங்குவது என்று இதைச் சொல்லலாம்.

வரிசை ஏன் இவ்வளவு நீளம்?

இதற்குப் பிறகு லைன்களின் வேகம் கூடியது. ஆனாலும் குரல் வெட்டுவது நிற்கவில்லை. 2010இல் ஜிம் கெற்றிஸ் என்ற நிரலாளர் தன் வீட்டு இணைப்பில், பெரிய கோப்பு ஒன்றை ஏற்றுகிற நேரமெல்லாம் மற்ற எல்லாம் படுத்துவிடுவதைக் கவனித்துத் தேடத் தொடங்கினார். காரணம் நினைவகம் மலிவாகிப் போனதுதான். ஒரு பொதியையும் தவறவிடக்கூடாது என்று பெட்டி செய்கிறவர்கள் வரிசைக்கு அளவுக்கு மிஞ்சி இடம் கொடுத்துவிட்டார்கள். செக்கனுக்கு ஒரு மெகாபிற் வெளியேறும் லைனில் 256 கிலோபைற் வரிசை நிரம்பினால், கடைசியில் நிற்கிற பொதி இரண்டு செக்கன் காத்திருக்கவேண்டும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வந்தது. வரிசையைப் பெருப்பித்தால் நெரிசல் தீராது என்று ஜோன் நேகிள் 1985இலேயே எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து முறை வைத்து விடவேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது. கால் நூற்றாண்டாக வீட்டுப் பெட்டிகள் அதைக் கணக்கெடுக்கவில்லை.

2012இல் கத்லீன் நிக்கல்சும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பொதி நிற்கிறது என்று அது எண்ணுவதில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 5 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட காத்திருப்பு 100 மில்லிசெக்கன் நீடித்தால், சில பொதிகளை விழுத்தி அனுப்புகிறவரை மெதுவாகச் சொல்லும். அதே வருடம் எரிக் டுமாசே அதை நேகிளின் பழைய யோசனையோடு சேர்த்து எஃப்க்யூ-கோடெலாக லினக்ஸில் போட்டார். டேவ் தாட் போன்றவர்கள் வருடக்கணக்காக அதைச் சோதித்துப் பரப்பினார்கள். அவர் 2025இல் காலமானார். கேக் என்ற அடுத்த முறையும் அந்தக் கூட்டத்திலிருந்தே வந்தது.

இதில் எங்களைக் கவர்ந்தது ஒன்று. எஃப்க்யூ-கோடெல் ஆர் என்று கேட்பதில்லை, அடையாளத்தையும் நம்புவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை. கொஞ்சமாகக் கேட்கிற ஓட்டத்தின் பொதி வந்த கையோடு போய்விடும். குவித்து அனுப்புகிற ஓட்டம் தன்னுடைய வரிசையில்தான் காத்திருக்கும். குரல் சிறிய பொதிகளாக இடைவெளி விட்டு வருவதால் அதற்கு எப்போதும் வழி கிடைக்கும். பதவியைப் பார்த்துத் தொடங்கிய முன்னுரிமை, குறைவாகக் கேட்கிறவரை முதலில் விடுவது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் சோதித்துப் பாருங்கோ. ஒரு பெரிய வீடியோவை ஏற்றிக்கொண்டே கணினியில் பிங் ஓடவிடுங்கோ. சும்மா இருக்கும்போது 40 மில்லிசெக்கனாக இருந்தது 400, 800 என்று ஏறினால் வரிசைதான் பிரச்சினை. ஏறவில்லையென்றால் வைஃபையையோ லைனையோ பார்க்கவேணும்.

ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்கி, அளந்த வேகத்தில் 85 தொடக்கம் 90 வீதத்தை எல்லையாகக் கொடுங்கோ. க்யூஓஎஸ் மட்டும் இருந்தால், எந்தக் கருவிக்கு முதலிடம் என்று தெரிவு செய்ய முதல் வெளியே போகிற வேகத்தின் எல்லையைப் போடவேணும். எல்லை இல்லாத முன்னுரிமையால் பயன் குறைவு, வரிசை வேறு இடத்தில்தான் இருக்கும். 4ஜி ரவுட்டர்களில் வேகம் மணிக்கு மணி மாறுவதால் ஒரே எண் எல்லா நேரமும் பொருந்தாது. அங்கே லேசான வழி, அழைப்பு நடக்கிற நேரத்தில் படங்கள் தன்பாட்டில் ஏறுவதை நிறுத்திவைப்பது. உள்ளே வருகிற வரிசை நிறுவனத்தின் பக்கத்தில் இருப்பதால், அதை முழுதாக ஆள எங்களால் ஏலாது. வைபரையே முடக்கிவிட்டால் வீட்டு ரவுட்டரின் முன்னுரிமையால் ஒன்றும் ஆகாது என்பதையும் ஞாபகத்தில் வைத்திருப்போம்.

ஆனாலும் வெளியே போகிற அந்த ஒடுங்கிய வாசல் எங்கட வீட்டில்தான் இருக்கிறது. அடுத்தமுறை அம்மா "கேக்குதோ?" என்று கேட்கிற நேரத்தில், லைனைப் பேச முதல், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை ஒருக்காத் திறந்து பார்ப்போம்.