வரலாறு படிச்சா கட்டுப்படியாகுமா?

நான் பி.இ. படித்தவன். "வரலாறு, சமூகவியல் படிச்சா சோறு போடுமா?" என்று கேட்டே வளர்ந்த தலைமுறை. அந்தக் கேள்விக்கு அரசாங்கமே விலைப்பட்டியல் போட்ட ஊர் ஆஸ்திரேலியா.

1974-ல் அங்கே பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழித்தார்கள். 1989-ல் அது திரும்பி வந்தது. எந்தப் படிப்பானாலும் வருஷத்துக்கு 1,800 டாலர். கையில் காசு இல்லையா? சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு சேர்த்துக் கட்டலாம்.

1997-ல் மூன்று படிகள் வந்தன. சமூக அறிவியலுக்கு 3,300. சட்டம், மருத்துவத்துக்கு 5,500. கற்பிக்க ஆகும் செலவையும் பின்னால் வரும் சம்பளத்தையும் பார்த்துப் போட்ட கணக்கு. நியாயமாத்தான் இருக்கு.

2021-ல் தலைகீழ். வேலை கிடைக்கும் படிப்புகளின் பக்கம் மாணவர்களைத் திருப்பணுமாம். வரலாறு, சமூகவியலுக்கு 14,500, மருத்துவத்துக்கு 11,300! மூன்று வருஷப் பட்டத்துக்கு 43,500 டாலர் கடன்.

சட்டத்துக்கும் அதே 14,500தான். ஆனால் நல்ல சம்பளம் வாங்கும் வக்கீல் சீக்கிரம் அடைத்துவிடுவார். குறைந்த சம்பளக்காரருக்கு வருஷங்கள் இழுக்கும். நிலுவையும் வருஷாவருஷம் ஏறும்.

ஒரே பட்டம்தான். ஒரு காலத்தில் மலிவு, இன்னொரு காலத்தில் உச்ச விலை. கட்டணம் சொல்வது படிப்பின் மதிப்பை அல்ல, அன்றைய அரசின் மனசை. கணக்குப் போடுபவர்கள் தொகையை மட்டும் பார்க்காதீங்க. கடன் தீர எத்தனை வருஷம் என்று பாருங்க.