ட்ரூயிட் நீதிபதிகளும் ஆங்கிலப் பொதுச் சட்டமும்: ஒரு பூர்வீகக் கதையின் விலை

ஆங்கிலப் பொதுச் சட்டம் நார்மன் அரசர்களும் சாக்சன் அரசர்களும் தந்ததன்று. அவர்களுக்கு வெகு காலம் முன்பே ஓக் மரச் சோலைகளில் நீதி வழங்கிய ட்ரூயிட்கள் என்னும் கெல்டியக் குருமாரிடமிருந்து வந்தது. பிரித்தானியரின் சுதந்திர உணர்வுக்கும் அவர்களே ஊற்று. இக்கருத்து நானூறு ஆண்டுகளாகப் பல வடிவங்களில் உயிரோடிருக்கிறது. சான்றில்லாதது என்று வரலாற்றாசிரியர்கள் அதை ஒதுக்கிவிட்டனர், அது சரியே. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போகும். ட்ரூயிட்களின் நீதி மரபுக்கு வாரிசு என்று சொல்லத்தக்க சட்ட அறிஞர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அவர்களுடைய சட்டத்தைச் செல்லாததாக்கி அழித்தது இதே பொதுச் சட்டம்தான். பூர்வீகக் கதை அந்த அழிவை மறைத்து நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ட்ரூயிட்கள் தம் கையால் எழுதி வைத்தது எதுவும் நம்மிடம் இல்லை. அவர்களை நீதிபதிகளாகக் காட்டும் தலையாய சான்று, ஜூலியஸ் சீசர் தம் காலியப் போர்க் குறிப்புகளின் 6-ஆம் நூலில் தரும் வருணனை. கொலை, வாரிசுரிமை, எல்லைத் தகராறு என எல்லா வழக்குகளையும் அவர்களே தீர்த்தார்கள். தீர்ப்புக்குப் பணியாதவரை வேள்விகளிலிருந்து விலக்கினார்கள். அப்படி விலக்கப்பட்டவரோடு ஊரார் பேசுவதில்லை, அவர் நீதி கேட்டு வந்தாலும் கிடைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை கார்நூட் இனத்தாரின் நாட்டில் கூடி வழக்குகளைக் கேட்டார்கள். மாணவர்களில் சிலர் 20 ஆண்டுகள்வரை பயின்றார்கள். கற்றதை எழுத்தில் இடுவது தகாது என்பது அவர்கள் கொள்கை. இவ்வளவும் கால் நாட்டை, அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியைப் பற்றியது. இந்த நெறி பிரித்தானியாவில் தோன்றி அங்கிருந்து வந்ததாக நம்புகிறார்கள் என்று ஒரு வாக்கியத்தை மட்டும் சீசர் சேர்க்கிறார். பிற்காலத்தார் எழுப்பிய மாளிகை முழுவதும் அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

அதே சீசர் கி.மு. 55-லும் 54-லும் பிரித்தானியாவுக்குப் படையெடுத்துச் சென்றவர். அத்தீவின் மக்களைப் பற்றி அவர் எழுதிய 5-ஆம் நூலில் ட்ரூயிட்களைப் பற்றிய பேச்சே இல்லை. பிரித்தானிய மண்ணில் அவர்கள் இருந்ததற்கு நாம் நம்பத்தக்க பழைய சான்று, கி.பி. 60 அல்லது 61-இல் ரோமானியத் தளபதி சுவட்டோனியஸ் பவுலினஸ் மோனா தீவை, அதாவது இன்றைய ஆங்கிள்சியைத் தாக்கியதைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியது. அங்கே நாம் காண்பது கைகளை உயர்த்திச் சாபமிடும் குருமாரையும், பின்னர் ரோமானியர் வெட்டிச் சாய்த்த புனிதச் சோலைகளையும். நீதிமன்றத்தை அன்று.

சுதந்திரத்தின் ஊற்றாக ட்ரூயிட்களைக் காட்டுவோர் சீசரின் இன்னொரு செய்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காலியச் சமூகத்தில் மதிப்புக்குரியவர்கள் ட்ரூயிட்களும் குதிரை வீரர்களும் மட்டுமே என்றும், பொதுமக்கள் ஏறத்தாழ அடிமைகளின் நிலையில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்றும் அதே பகுதியில் அவர் எழுதுகிறார். போருக்கும் வரிக்கும் விலக்குப் பெற்ற ஒரு குருமார் வகுப்பை, வரி விதிக்க மக்களின் இசைவு வேண்டும் என்று போராடிய நாடாளுமன்றத்தின் முன்னோராக எப்படிக் கொள்வது?

மோனாவின் வீழ்ச்சிக்கும் ஆங்கில மொழியில் நமக்குக் கிடைக்கும் முதல் சட்டத் தொகுப்புக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ரோமானிய ஆட்சி, அதன் விலகல், சாக்சன் குடியேற்றம், கிறித்தவம் எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கும். கி.பி. 600-ஐ ஒட்டி கென்ட் அரசர் ஏத்தல்பர்ட் வெளியிட்ட அந்தத் தொகுப்பு, காயத்துக்கும் கொலைக்கும் திருட்டுக்கும் இவ்வளவு ஈடு என்று வகுக்கும் ஜெர்மானிய மரபுச் சட்டம். 9-ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் அரசர் தம் சட்டத்தின் முன்னுரையில், தாம் எவருடைய சட்டங்களிலிருந்து தேர்ந்தெடுத்தார் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறார்: ஐனி, ஆஃபா, ஏத்தல்பர்ட். மூவரும் ஆங்கிலோ-சாக்சன் அரசர்கள். முன்னுரையின் பெரும்பகுதி மோசேயின் சட்டம். பிரித்தானியப் பழங்குடி அரசர் ஒருவர் பெயரும் அதில் இல்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்பியவர் மான்மவுத் நகரத்து ஜெஃப்ரி. 1130-களில் அவர் எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றில் டிராய் நகரத்தார் வழிவந்த புரூட்டஸ் தீவில் குடியேறுகிறான். பின்னர் துன்வாலோ மோல்மூட்டியஸ் என்னும் அரசன் சட்டம் இயற்றுகிறான். அதைப் பிற்காலத்தில் ஆல்ஃபிரட் ஆங்கிலத்தில் பெயர்த்தார் என்றும் ஜெஃப்ரி சொல்கிறார். ஆல்ஃபிரடின் முன்னுரையே இதற்கு மறுப்பு. ஆயினும் கதை நிலைத்தது. 1470-ஐ ஒட்டிச் சட்ட அறிஞர் சர் ஜான் ஃபோர்ட்டெஸ்க்யூ, பிரித்தானியர், ரோமானியர், சாக்சன்கள், டேனியர், நார்மன்கள் என ஐந்து ஆட்சிகள் மாறியும் இங்கிலாந்தின் வழக்காறு மாறவில்லை என்றும், அதுவே அதன் சிறப்புக்குச் சான்று என்றும் எழுதினார். ட்ரூயிட்களைச் சட்டத்தோடு அழுத்தமாக இணைத்தவர் ஆங்கிலச் சட்ட அறிஞர் சர் எட்வர்ட் கோக். 1602-இல் வெளியான தம் தீர்ப்புத் திரட்டின் மூன்றாம் பகுதிக்கு எழுதிய முன்னுரையில் புரூட்டஸையும் மோல்மூட்டியஸையும் அழைத்து வந்ததோடு, ட்ரூயிட்கள் பொது, தனி அலுவல்களில் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினர் என்ற சீசரின் குறிப்பையும் சட்டத்தின் தொன்மைக்குச் சான்றாக்கினார்.

கோக் இதை ஏன் செய்தார் என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. சட்டத்தை ஓர் அரசன் தந்தான் என்றால் இன்னோர் அரசன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நார்மன் வில்லியம் 1066-இல் வாளால் வென்று சட்டம் கொடுத்தார் என்று ஒப்புக்கொண்டால், அவர் வழிவந்த அரசர் அச்சட்டத்துக்கு மேலானவர் ஆகிவிடுவார். எந்த அரசனுக்கும் முந்தைய ஒரு தோற்றம் தேவைப்பட்டது. 1607-இல் முதலாம் ஜேம்ஸ் தாமே வழக்குகளைத் தீர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் கோக். 1628-இல் உரிமைக் கோரிக்கை மனுவை நிறைவேற்ற முன்னின்றவரும் அவரே. காரணம் காட்டாமல் ஒருவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று அம்மனு சொன்னது. ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யும் இன்றைய வழக்கறிஞர் எவரும் அதற்குக் கடமைப்பட்டவர். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

ஆனால் அத்துணிவுக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. கோக்கின் காலத்துச் சட்ட அறிஞர் ஜான் செல்டனே இதற்குச் சாட்சி. ட்ரூயிட்களைப் பற்றிய பழைய நூல்களை அன்று அவரளவு ஆழ்ந்து படித்தவர் சிலரே. 1616-இல் ஃபோர்ட்டெஸ்க்யூவின் நூலுக்கு எழுதிய குறிப்புகளில், எல்லா நாட்டுச் சட்டங்களும் இயற்கை நெறியில் ஒரே தொன்மையுடையவை என்றும், பழுது பார்த்துப் பார்த்து முதல் மரம் ஒன்றும் மிஞ்சாத கப்பலைப் போல இங்கிலாந்தின் சட்டமும் மாறிக்கொண்டே வந்தது என்றும் விளக்கினார். மாற்றத்தை ஒப்புக்கொண்ட இதே செல்டன்தான் 1628 மனுவுக்குக் கோக்குடன் உழைத்தார். மறு ஆண்டே சிறை சென்றார். சட்டம் வரலாற்றில் மாறி வளர்ந்தது என்று அறிந்த ஒருவரால் அரசரை எதிர்த்து நிற்க முடிந்திருக்கிறது.

பொதுச் சட்டத்தின் மெய்யான பிறப்பிடம் நாம் நன்கறிந்தது. இரண்டாம் ஹென்றியின் ஆட்சியில் (1154–1189), 1166-இன் கிளாரண்டன் ஆணையையும் அதையொட்டிய ஆணைகளையும் கொண்டு அரச நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று விசாரித்தனர். நிலத்தை இழந்தவர் அரசரின் ரிட் ஒன்றைப் பெற்று, அக்கம்பக்கத்தார் பன்னிருவரின் வாக்குமூலத்தால் அதை மீட்க முடிந்தது. ஊர் வழக்காறுகளுக்கு மேலாக நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு நீதி இப்படித்தான் உருவாயிற்று. அது அரச அதிகாரத்தின் பிள்ளை. 1215-இன் மாக்னா கார்ட்டா தொடங்கிப் பின்னர் அந்த அரச அதிகாரத்துக்கே அது கடிவாளமாயிற்று என்பதே அதன் வரலாற்றின் அரிய பகுதி.

கோக் ட்ரூயிட்களைப் போற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அயர்லாந்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே பிரெஹன்கள் எனப்பட்ட நீதியறிஞர்கள் இருந்தனர். கிறித்தவம் வந்தபின் ட்ரூயிட்களின் வேள்வித் தொழில் மறைந்தது. சட்டத்தையும் வம்சாவளியையும் மனத்தில் தாங்கும் வேலை புலவர்களிடமும் பிரெஹன்களிடமும் தொடர்ந்தது. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்ட ஷெனஹஸ் மோர் என்னும் பெருந்தொகுப்பின் பிற்கால முன்னுரை, புனித பேட்ரிக் வந்தபோது துப்தஹ் என்னும் தலைமைப் புலவர் பழைய சட்டத்தை ஓதிக் காட்டியதாகவும், வேதத்துக்கு முரணானவை மட்டும் நீக்கப்பட்டதாகவும் சொல்கிறது. அது தொன்மக் கதைதான். இத்தொகுப்புகளில் திருச்சபைக் கல்விமான்களின் கை பெரிது என்பதையும் ஆய்வாளர் காட்டியுள்ளனர். அவ்வாறிருந்தும், ட்ரூயிட்களின் நீதித் தொழிலுக்கு வாரிசு தேடினால் வெஸ்ட்மின்ஸ்டரின் அரச நீதிமன்றங்களைவிட இவர்களுக்கே உரிமை அதிகம். மக் ஈகன் போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இச்சட்டத்தைக் கற்பித்து 17-ஆம் நூற்றாண்டுவரை காத்தன. அதைப் பொன்னுலகமாக்கவும் வேண்டாம்: அடிமைப் பெண்ணின் பெயரே அதில் மதிப்பின் அலகாக இருந்தது.

1606-இல் டப்ளினில் கூடிய அரச நீதிபதிகள், இறந்தவரின் நிலத்தைக் குலத்தார் பகிர்ந்துகொள்ளும் ஐரிஷ் வழக்கத்தைச் செல்லாதென்றனர். 1608-இல் தலைவனின் வாரிசைக் குலமே தேர்ந்தெடுக்கும் டானிஸ்ட்ரி வழக்கமும் அதே கதியை அடைந்தது. உடைமை உறுதியற்றுப் போகிறது, வழக்கம் நியாயமற்றது என்பவை காரணங்கள். இவ்வழக்குகளைத் திரட்டி 1615-இல் வெளியிட்டவர், அங்கே அரசின் தலைமை வழக்கறிஞராயிருந்த சர் ஜான் டேவிஸ். மக்களிடையே நினைவுக்கெட்டாத காலம்தொட்டுப் பழகி வந்த வழக்காறே மிகச் சிறந்த சட்டம் என்று பொதுச் சட்டத்தைப் புகழும் அவருடைய முன்னுரை இந்த நூலுக்குத்தான் எழுதப்பட்டது. நினைவுக்கெட்டாத ஐரிஷ் வழக்காறு அழிக்கப்பட்ட பதிவும் அதே அட்டைகளுக்கிடையில் இருக்கிறது. இங்கிலாந்துக்குள்ளேயே கென்ட் மாவட்டத்தில் மகன்கள் நிலத்தைச் சமமாகப் பகிரும் வழக்கமோ 1925 சட்டம்வரை மதிக்கப்பட்டது. அயர்லாந்துக்கு முன்பே வேல்ஸில் ஹவெல் அரசரின் பெயரால் வழங்கிய சட்டம் 1536-க்கும் 1543-க்கும் இடையில் எட்டாம் ஹென்றியால் நீக்கப்பட்டிருந்தது; நீதிமன்றத்தின் மொழியும் ஆங்கிலமாயிற்று.

1760-களில் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் தம் புகழ்பெற்ற உரைநூலில் எழுதாச் சட்டம் என்ற கருத்தையே ட்ரூயிட்களின் வழிவந்ததாகக் கருதினார். அவர் குறிப்பாக எடுத்துக்காட்டிய இன்னொரு மரபுரிமை திடுக்கிட வைப்பது: கணவனைக் கொன்ற பெண்ணை எரிக்கும் தண்டனை ட்ரூயிட் சட்டத்திலிருந்து வந்ததாகத் தோன்றுகிறது என்றார். அத்தண்டனை 1790-இல்தான் ஒழிந்தது. இதுவும் சான்றில்லாத ஊகமே. ஆனால் சுதந்திரத்தை ட்ரூயிட்களுக்கு வரவு வைப்போர், அதே முறையில் வந்த இந்தத் தீயையும் அவர்கள் கணக்கில் எழுத வேண்டியிருக்கும்.

இன்றும் மேற்கோளாகும் மோல்மூட்டியஸ் மும்மைச் சட்டங்கள் பிளாக்ஸ்டோனின் நூலுக்கும் பிந்தியவை. 1792-இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் புதுச் சடங்கு நடத்திய கிளாமோர்கன் கல்தச்சர் அயோலோ மார்கனவ்க் என்கிற எட்வர்ட் வில்லியம்ஸ் வழியாகவே அவை 1807-இல் அச்சேறின. தம்மைச் சுதந்திரத்தின் பாணர் என்று அழைத்துக்கொண்ட அவர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து உரிமைக் கனவுகளை ஓர் ஆதி அரசனின் வாயில் வைத்தார். அவருடைய கனவுகள் அவருடைய பெயரிலேயே வந்திருக்கத் தகுதியுள்ளவை.

இந்தியத் தொடர்பு ஒன்றும் இதில் உண்டு. கல்கத்தாவில் அரசின் சட்ட உறுப்பினராக 1862 முதல் 1869 வரை இருந்த ஹென்றி மெய்ன், 1875-இல் பதிப்பித்த விரிவுரைகளில், கடனாளியின் வாசலில் உண்ணாதிருந்து நியாயம் கேட்கும் பிரெஹன் சட்ட முறையை நம் தர்ணாவோடு ஒப்பிட்டார். அந்தத் தர்ணாவையும் ஆங்கிலேயர் வகுத்த 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 508-ஆம் பிரிவில், தெய்வக் கோபத்தைக் காட்டி மிரட்டும் குற்றத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்திருந்தது. அயர்லாந்திலும் இந்தியாவிலும், எளியவர் வலியவரை வழிக்குக் கொண்டுவர வைத்திருந்த ஒரு பழைய கருவிக்கு ஆங்கிலேயரின் சட்டம் இடம் தரவில்லை.

மெய்னுக்கு ஐரிஷ் நூல்கள் கிடைத்ததற்குக் காரணம் 1852-இல் அமைந்த ஆணைக்குழு. அதற்காக ஏடுகளைப் படியெடுத்த ஜான் ஓடோனவனும் யூஜின் ஓகரியும் முதல் தொகுதி 1865-இல் வெளிவருமுன் மறைந்துவிட்டனர். ஐரிஷ் அறிஞர் டேனியல் பின்சி மூலபாடங்களை ஆறு தொகுதிகளாக 1978-இல் வெளியிட்டார். அவற்றில் கணிசமான பகுதிக்கு நம்பத்தக்க மொழிபெயர்ப்பு இன்னும் வரவேண்டியிருக்கிறது. மேற்கு ஐரோப்பாவின் பழைய நீதியறிஞர்கள் எப்படிச் சிந்தித்தார்கள் என்ற கேள்வியோடு வருபவர் கோக்கின் முன்னுரையை மூடிவிட்டு இந்தத் தொகுதிகளைத் திறக்கட்டும்.