பாராளுமன்ற ஜனநாயகத்திற் சிறு கட்சிகளும் சுயேச்சைகளும்: கல்முனைக் கரையோர அனுபவம்

பாராளுமன்ற ஜனநாயகம் பெரும்பான்மையின் ஆட்சி என்பது பொதுவான விளக்கம். ஆயினும் அப்பெரும்பான்மை எக்காலத்தும் ஒரே கட்சியின் கைக்குள் அமைந்துவிடுவதில்லை. இரு பெருங் கட்சிகள் ஏறத்தாழச் சமவலுவுடன் நிற்கும்போது, ஐந்தாறு உறுப்பினரே ஆட்சியை ஆக்கவும் அழிக்கவும் வல்லவராகின்றனர். 1999 ஏப்ரலில் இந்திய மக்களவையில் வாஜ்பாயி அரசு ஒரேயொரு வாக்கினால் வீழ்ந்தது. இத்தகைய வலு உண்மையில் யாருக்கு உரியது? வாக்களித்த மக்களுக்கா, கட்சிக்கா, ஆசனத்தில் அமர்ந்திருக்கும் தனிமனிதருக்கா? இவ்வினாவை ஆராய்வதற்கு இலங்கையில் மிகப் பொருத்தமான களம் கல்முனையை மையமாகக் கொண்ட அம்பாறைக் கரையோரமாகும்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில்வரை நீளும் இக்கரையிலே தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில் முதலிய தமிழ்க் கிராமங்களும் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. மேற்கே 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் புதிய குடியேற்றங்களை உருவாக்கியது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. நெற்காணியும் நீர்ப்பாசனமுமே வாழ்வாகக் கொண்ட மக்களுக்கு அரசாங்கத்தின் தயவு அன்றாடத் தேவையாயிற்று. இப்பகுதி அரசியலின் போக்கை விளங்கிக்கொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

சுயேச்சைகளின் செல்வாக்கு இலங்கைப் பாராளுமன்றத்தோடு உடன்பிறந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தெரிவான 95 பேருள் 21 பேர் சுயேச்சைகள். 42 ஆசனங்களையே பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி அவர்களுட் பலரது துணையின்றி நிலைத்திருக்க இயலாது. அக்காலச் சுயேச்சை என்பவர் பெரும்பாலும் தமது ஊரில் நிலமும் குடும்பப் பெயரும் உடைய தனிமனிதர். கிழக்குக் கரையிலும் போடியார் மரபே அரசியற் செல்வாக்கின் அடித்தளமாயிற்று. கட்சியின் பெயர் எதுவாயினும் மக்கள் வாக்களித்தது மனிதருக்கே.

இதன் விளைவு 1956இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு தமிழரசுக் கட்சி வென்ற 10 ஆசனங்களுட் கல்முனையும் பொத்துவிலும் அடங்கின. கல்முனையிற் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் அக்கட்சியின் சார்பில் தெரிவாகினர். ஆயின் இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் சென்றனர். முஸ்தபா தகநாயக்காவின் ஆட்சியில் நிதியமைச்சராகவும் விளங்கினார். 1960 யூலையில் கல்முனையில் தமிழரசுக் கட்சி சார்பில் வென்ற எம். சி. அகமதுவும் அவ்வழியே சென்றார். இவற்றை வெறும் பதவியாசை எனத் தள்ளிவிடுதல் வரலாற்று நோக்காகாது. மொழியுரிமைக் கோரிக்கையில் தமிழரோடு ஒன்றிய முஸ்லிம் வாக்காளர், வாய்க்காலுக்கும் பாடசாலைக்கும் அரச வேலைக்கும் ஆளுங்கட்சியையே நாடவேண்டியிருந்தது. எனினும் மாறிய முடிவு உறுப்பினரின் முடிவாக இருந்ததேயன்றி மக்களிடம் கேட்டுப் பெற்ற முடிவாக இருக்கவில்லை. பேரம் பேசும் வலு இருந்தது. அது தனிமனிதரின் உடைமையாயிருந்தது. இக்குறை ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று. 1977இல் இரட்டை அங்கத்தவர் தொகுதியான பொத்துவிலில் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் தெரிவான எம். கனகரத்தினம் அதே ஆண்டிலேயே ஆளுங்கட்சியிற் சேர்ந்தார்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இந்நிலையின் அடித்தளத்தை மாற்றியது. தொகுதிவாரித் தேர்தல் நீங்கி மாவட்ட அடிப்படையிலான விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. தனிமனிதர் சுயேச்சையாக நிற்கும் வழி அடைபட்டது. சுயேச்சைகளும் குழுவாகவே நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவேண்டியதாயிற்று. இதனாற் சுயேச்சை என்னுஞ் சொல்லின் பொருளே திரிந்தது. 1989இல் ஈரோஸ் இயக்கத்தினர் சுயேச்சைக் குழுக்களாக நின்று 13 ஆசனங்களைப் பெற்றனர். 1994இல் யாழ்ப்பாணத்தில் ஈழ மக்கள் சனநாயகக் கட்சியினர் சுயேச்சைக் குழுவாக நின்று, போர்ச்சூழலிற் பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளுடன் 9 ஆசனங்களைப் பெற்றனர். முன்பு கட்சிக்கு வெளியே நின்ற பிரமுகரைக் குறித்த சொல், இப்போது வேறு பெயரில் வந்த அமைப்பைக் குறிக்கலாயிற்று.

இப்புதிய முறை கரையோர முஸ்லிம்களுக்குத் தனிக்கட்சி என்னும் வாய்ப்பைத் திறந்தது. 1981இற் காத்தான்குடியில் உருவான ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ், கல்முனைச் சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப்பின் தலைமையில் 1986இலிருந்து நாடளாவிய கட்சியாக வளர்ந்தது. 1988 நவம்பரில் நடந்த வடக்கு கிழக்கு மாகாணசபைத் தேர்தலில் 71 ஆசனங்களுள் 17ஐ வென்று பிரதான எதிர்க்கட்சியாயிற்று. எனினும் அதன் மிக நுட்பமான வெற்றி தேர்தற் களத்துக்கு வெளியே கிடைத்தது. ஒரு மாவட்டத்திற் செல்லுபடியான வாக்குகளுள் எட்டில் ஒரு பங்கைப் பெறாத கட்சிக்கு ஆசனமில்லை என அரசியலமைப்பு விதித்திருந்தது. ஜனாதிபதித் தேர்தலிற் பிரேமதாசவுக்கு ஆதரவளிப்பதற்கு இவ்வெட்டுப்புள்ளியைக் குறைக்குமாறு அஷ்ரப் கோரினார். தேர்தலுக்கு இரு நாட்களின் முன்னர், 1988 டிசம்பர் 17ஆம் நாள், பதினைந்தாவது திருத்தத்தின் மூலம் அது 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாயிற்று.

இத்திருத்தத்தின் பயன் அதனைக் கேட்டவரோடு நின்றுவிடவில்லை. 1994 ஓகஸ்டுத் தேர்தலிற் சந்திரிகா குமாரதுங்கவின் பொதுசன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களையும் முஸ்லிம் காங்கிரஸ் 7 ஆசனங்களையும் பெற்றன. கூட்டுத்தொகை 112. 225 பேர் கொண்ட சபையில் ஆட்சிக்கு 113 வேண்டும். அந்த ஓராசனத்தை அளித்தவர் நுவரெலியாவில் மலையக மக்கள் முன்னணியின் சுயேச்சைக் குழுவில் வென்ற பெ. சந்திரசேகரன். அவரது குழுவின் வாக்குகள் அம்மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கை எட்டவில்லை. இருபதில் ஒரு பங்கைக் கடந்திருந்தன. பழைய வெட்டுப்புள்ளி நீடித்திருப்பின் அவர் சபைக்குள் வந்திருக்கவே இயலாது. கல்முனைக் கரையிலிருந்து எழுந்த கோரிக்கையொன்று மலையகத் தோட்டத் தொழிலாளரின் குரலொன்றைச் சபைக்குட் கொண்டுவந்து, பதினேழு ஆண்டுக்கால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியின் முடிவுக்கும் துணைநின்றது.

பேரவலு நிறுவனமாக உருப்பெற்றமைக்கு ஒலுவில் சான்று. 1990இன் பின்னர் வந்தாறுமூலைக்குச் சென்று கற்க முஸ்லிம் மாணவர் அஞ்சிய சூழலில், 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டே முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. அப்போது அஷ்ரப் துறைமுகங்களுக்கும் புனர்வாழ்வுக்கும் பொறுப்பான அமைச்சர். அமைச்சுக்கள் கைமாறின, பல்கலைக்கழகம் நிலைத்தது.

2000 செப்டெம்பர் 16இல் அஷ்ரப் உலங்குவானூர்தி விபத்தில் மறைந்தபின் இவ்வலுவின் மறுபக்கம் புலப்பட்டது. 2001 யூனில் ரவூப் ஹக்கீம் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டு, அவரணியினர் விலகியதும் அரசு பெரும்பான்மையை இழந்தது. டிசம்பர்த் தேர்தலின்பின் ஐக்கிய தேசிய முன்னணியின் 109 ஆசனங்களோடு காங்கிரஸின் 5 ஆசனங்கள் சேர்ந்து புதிய அரசு அமைந்தது. ஆட்சியை ஆக்கும் வலு குறையவில்லை. கட்சியின் ஒருமையே குறைந்தது. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு தேசிய காங்கிரஸும், வன்னியிலிருந்து அகில இலங்கை மக்கள் காங்கிரஸும் தனித்தனியே எழுந்தன. 2012இற் கிழக்கு மாகாணசபையில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11 எனப் பிரிந்து நிற்க, 7 ஆசனங்களுடன் முஸ்லிம் காங்கிரஸே ஆட்சியைத் தீர்மானித்தது. முதலில் முன்னதோடும், 2015இற் பின்னதோடும் அது கைகோத்தது.

அரசியலமைப்புத் திருத்தங்களில் இவ்வலு பயன்பட்ட விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. 2010இல் ஜனாதிபதியின் இருதவணை வரம்பை நீக்கிய பதினெட்டாவது திருத்தத்துக்கு, எதிரணிப் பட்டியலில் தெரிவான காங்கிரஸ் உறுப்பினர் ஆதரவளித்தனர். 2020 ஒக்டோபரில் இருபதாவது திருத்தத்தைத் தலைவர் எதிர்க்க, அவர் கட்சியினர் நால்வர் ஆதரித்தனர். கொவிட் நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்ட காலம் அது. அக்கட்டளை 2021 பெப்ரவரியிலேயே நீங்கியது. 1956இற் கண்ட அதே வினா இங்கே மீண்டும் எழுகின்றது. தனிமனிதரின் கையிலிருந்து வாக்கின் உரிமையை மீட்கவே கட்சி தோன்றியது; அக்கட்சியிலிருந்து அது மீண்டும் தனிமனிதரின் கைக்கே நழுவியது. கட்சி முடிவை மீறி வரவு செலவுத் திட்டத்தை ஆதரித்த நசீர் அகமதை விலக்கியது செல்லும் என 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவர் ஆசனம் இழந்தமை இப்போக்குக்கு இடப்பட்ட அரிய தடையாகும்.

பெருங் கட்சிகளிடம் சிறு கட்சி கேட்கும் கேள்வியைச் சிறு கட்சியிடம் கேட்போரும் உளர். 1987க்கு முன்னர் தனிக் கிராமசபை கொண்டிருந்த சாய்ந்தமருது மக்கள், தம் ஊருக்கு மீண்டும் தனிச்சபை வேண்டி, 2018இற் பள்ளிவாசலின் ஆதரவுபெற்ற சுயேச்சைக் குழுவை நிறுத்திக் கல்முனை மாநகர சபையில் 9 ஆசனங்களைப் பெற்றனர். 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கான வர்த்தமானி வெளியாகிச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு தமிழர் நெடுங்காலமாகக் கோரிவந்தனர்; 2019இல் அதற்காக உண்ணாவிரதமும் இருந்தனர். கொழும்பிற் சிறுபான்மையாக நின்று நியாயம் கேட்போர், தம் ஊரிற் பெரும்பான்மையாக நிற்கையில் அதே நியாயத்தை வழங்குகின்றனரா என்பதே சிறு கட்சிகளின் உண்மையான உரைகல்.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்று, அம்பாறையிலும் முதலிடம் வகித்தபோது, துலாக்கோல் ஒருபுறமே சாய்ந்தது. தட்டுகள் சமமாக நிற்கும்வரை மட்டுமே அதன் நாவுக்கு மதிப்பு. எண்ணிக்கையாற் பிறக்கும் வலு எண்ணிக்கையோடே மறைந்துவிடும். ஆதலின் வலு இருக்குங் காலத்தில் அதனைச் சட்டமாகவும் நிறுவனமாகவும் மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. கல்முனைக் கரையின் அரை நூற்றாண்டு அரசியலில் அமைச்சுப் பதவிகள் பல வந்து போயின. 5 வீத வெட்டுப்புள்ளியும் ஒலுவில் பல்கலைக்கழகமும் அவற்றைக் கடந்து நின்றன.