ஆறு நிமிடப் பிழையும் 372 உயிர்களும்: காலியிலிருந்து புறப்பட்டுக் கரை சேராத ஆர்னிஸ்டன்

பெரியநீலாவணைக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் நிக்கோபார் தீவுகள் வரைக்கும் நிலம் கிடையாது. வடக்கே திருகோணமலை, தெற்கே தீவைச் சுற்றிப் போனால் காலி. இடைப்பட்ட இந்த நீண்ட கரையில் பெரிய கப்பல் ஒன்று காற்றுக்கு ஒதுங்கி நிற்க இயற்கையான துறைமுகம் இல்லை. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் மணல் மேடிட்டது. 2013இல் பெரும் கடனெடுத்துத் திறந்துவைத்த ஒலுவில் துறைமுகத்தின் வாயையும் மணல் அடைத்துக்கொண்டது. மிஞ்சியது ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகளைத் தின்னும் கடலரிப்புத்தான். இந்தக் கடல் கப்பலுக்கு இடம் கொடுக்காத கடல் என்பதை இங்கு கரைவலை இழுப்பவர்களிடம் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

கடல் இழப்பு என்றால் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது 2004 டிசெம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரை அள்ளிச் சென்ற நாள் அது. அதற்கு முந்திய தலைமுறைக்கு 1978 நவம்பர் சூறாவளி. பிள்ளை பிறந்த வருடத்தைக்கூட ‘சூறாவளிக்கு முந்தி’, ‘சூறாவளிக்குப் பிந்தி’ என்று சொல்லும் வயோதிபர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். இருநூறு வருடங்களுக்கு முன்னால் இதே கடலில் போனவர்கள் யார், அவர்களில் யாருடைய பெயர் எழுதப்பட்டது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

பிரித்தானியர் 1796இல் இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின் திருகோணமலைக்கும் காலிக்கும் கொழும்புக்கும் போர்க்கப்பல்களும் கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகக் கப்பல்களும் இடைவிடாமல் வந்துபோயின. திருகோணமலைத் துறைமுகத்தின் பாதுகாப்பைப் பற்றி அன்றைய கடற்படையினர் எழுதாத புகழ்ச்சி இல்லை. ஆனால் வாடைக்காலப் புயலுக்கு அதுவும் விலக்கல்ல. 1805 ஜனவரியில் அங்கே நங்கூரமிட்டிருந்த ‘ஷியர்னஸ்’ என்ற 44 பீரங்கிப் போர்க்கப்பல், புயலில் கரைக்குத் தள்ளப்பட்டு அழிந்தது. உயிரிழப்பு குறைவு. நடுக்கடலில் உடைந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

கடற்பயணம் அந்நாட்களில் எப்படி இருந்தது என்பதற்கு மட்டக்களப்பார் நன்கறிந்த ஒரு மனிதரே சாட்சி. மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கத்தோடு பேசப்படும் வில்லியம் ஓல்ட் பாதிரியார்தான் அவர். 1813 டிசெம்பர் இறுதியில் இங்கிலாந்தின் போட்ஸ்மத்திலிருந்து ‘கபால்வா’, ‘லேடி மெல்வில்’ என்ற இரு கப்பல்களில் மெதடிஸ்த மதகுருமார் குழுவொன்று ஆசியாவை நோக்கிப் புறப்பட்டது. 1814 பெப்ரவரியில், வழியிலேயே, ஓல்டின் மனைவி இறந்தார். உடல் கடலில் இறக்கப்பட்டது. மே 3ஆம் திகதி குழுவின் தலைவர் தோமஸ் கோக் தம் அறையில் இறந்து கிடந்தார். அவருக்கும் இந்து சமுத்திரமே கல்லறை. மிஞ்சியோர் பம்பாய் வழியாக ஜூன் இறுதியில் காலி வந்து சேர்ந்தனர். அங்கிருந்து ஓல்ட் தோணியேறி மட்டக்களப்புக்கு வந்தார். வந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை, 1815 ஏப்ரல் 1ஆம் திகதி அவரும் காலமானார்.

அதே வாரத்தில், ஏப்ரல் 4ஆம் திகதி, காலியிலிருந்து ஒரு கப்பல் தொகுதி இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. அதிலொன்றின் பெயர் ‘ஆர்னிஸ்டன்’.

கண்டி வீழ்ந்து அப்போது சரியாக ஒரு மாதம். பெப்ரவரியில் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. எமது பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்துவிடும். போருக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அதில் வருவதில்லை. கண்டிப் போர்களில் காயமுற்றவர்களும், காட்டுக் காய்ச்சலில் வலுவிழந்து இனிச் சேவைக்கு உதவார் எனக் கழிக்கப்பட்டவர்களும் ஆர்னிஸ்டனில் ஏற்றப்பட்டனர். கப்பல் மாலுமிகளையும் பயணிகளையும் சேர்த்து மொத்தம் 378 பேர். அவர்களில் 14 பேர் பெண்கள், 25 பேர் குழந்தைகள். நான்கு பிள்ளைகள் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். இலங்கையில் கடமையாற்றிய 73ஆவது படைப்பிரிவின் அதிகாரி அன்ட்ரூ கீல்ஸின் மகன்மார் அவர்கள். பெற்றோர் அவர்களுடன் போகவில்லை.

ஆர்னிஸ்டன் 1794இல் லண்டனில் கட்டப்பட்டது. கம்பனிக்காகப் பல தடவை ஆசியா வந்துபோன பின், படையினரை ஏற்றியிறக்கும் வாடகைக் கப்பலாக மாறியிருந்தது. இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. அந்தக் கப்பலில் குரோனோமீற்றர், அதாவது கடலிலும் பிசகாமல் நேரம் காட்டும் கடிகாரம், இருக்கவில்லை.

கடிகாரம் இல்லாததால் கப்பல் உடையுமா என்று கேட்கலாம். நடுக்கடலில் நாம் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே நிற்கிறோம் என்பதை உச்சிவேளைச் சூரியனின் உயரத்தை அளந்து கணித்துவிடலாம். எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே என்பதுதான் சிக்கல். பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கிறது. லண்டனில் இப்போது மணி எத்தனை என்று தெரிந்தால், கப்பலில் சூரியன் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். நான்கு நிமிட வித்தியாசம் ஒரு பாகை. சாதாரணக் கடிகாரம் கப்பலின் ஆட்டத்திலும் வெப்பத்திலும் ஓடாது என்பதால்தான் குரோனோமீற்றர் வந்தது. 1815இல் அது புதிய பொருளல்ல, விலையுயர்ந்த பொருள். 60 முதல் 100 பவுண் வரை. கப்பல் தலைவர் ஜோர்ஜ் சிம்ப்சனால் தம் பணத்தில் வாங்க முடியவில்லை. உரிமையாளர்கள் வாங்கிக் கொடுக்க மறுத்தனர் என்றும், அது இல்லாமல் போக மாட்டேன் என்றால் வேறு தலைவரைப் போடுவோம் என்றார்கள் என்றும் பின்னாளில் எழுதிவைக்கப்பட்டது.

கூட்டமாகப் போகும்வரை பிரச்சினை இருக்கவில்லை. மற்றக் கப்பல்களில் குரோனோமீற்றர் இருந்தது, அவை போன வழியே இதுவும் போனது. மே 26ஆம் திகதி கடும் காற்றில் பாய் கிழிந்து ஆர்னிஸ்டன் பின்தங்கியது. அதன்பின் அது தனிக்கப்பல். நாட்கணக்கில் காற்றும் நீரோட்டமும் எங்கே தள்ளுகின்றன என்று அனுமானித்தே ஓட்டவேண்டியிருந்தது. 29ஆம் திகதி தூரத்தில் நிலம் தெரிந்தது. கேப் டவுனை அடுத்த முனையைத் தாண்டுகிறோம் என்று தலைவர் நினைத்தார். உண்மையில் அது ஆபிரிக்காவின் தென்கோடியான அகுல்யாஸ் முனை. அடுத்த நாள், முனையைக் கடந்துவிட்ட நம்பிக்கையில், சென். ஹெலனா தீவை நோக்கி வடக்கே திருப்பினார். முன்னால் கடல் இருக்கவில்லை, கரை இருந்தது.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முனைகளுக்கும் இடையே ஒன்றரைப் பாகை. கடிகாரக் கணக்கில் ஆறு நிமிடம்.

மே 30ஆம் திகதி பகல், நுரைத்துடைக்கும் அலைகளைக் கண்டதும் நங்கூரங்களைப் போட்டார்கள். காற்று கரையை நோக்கி வீசியதால் பாய்மரக் கப்பலுக்குத் திரும்பிப் போக வழியில்லை. பிற்பகலில் நங்கூரக் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. கடைசிக் கயிறும் அறுமுன், இருட்டுமுன், கரையிலேயே ஏற்றிவிட்டால் சிலராவது பிழைப்பர் என்று முடிவெடுத்தனர். ஆனால் கப்பல் கரைக்கு வெகு தூரத்திலேயே தரைதட்டிச் சாய்ந்து, இரவோடிரவாகச் சிதறியது. உயிரோடு கரையேறியவர்கள் ஆறு ஆண்கள். பெண்களில் ஒருவரும் இல்லை, குழந்தைகளில் ஒருவரும் இல்லை. 372 பேர் போய்விட்டனர்.

தாம் எங்கே நிற்கிறோம் என்பது பிழைத்த ஆறு பேருக்கும் தெரியாது. கப்பலில் செய்த அதே பிழையைத் தரையிலும் செய்தார்கள். தவறான திசையில் நான்கரை நாட்கள் நடந்து, பிழையை உணர்ந்து, உடைந்த கப்பல் கிடந்த இடத்துக்கே திரும்பினார்கள். கரையொதுங்கிய ஓட்ஸ் மாப் பீப்பாய் ஒன்று உயிர் காத்தது. ஜூன் 14ஆம் திகதி அப்பகுதி விவசாயி ஒருவரின் மகன் அவர்களைக் கண்டுபிடித்தான்.

அந்த இடத்தின் பெயர் வான்ஹாய்ஸ்க்ரான்ஸ். இன்று அதை எல்லோரும் ‘ஆர்னிஸ்டன்’ என்றே சொல்கிறார்கள். வெள்ளைச் சுவரும் புல்வேய்ந்த கூரையுமான வீடுகளில் மீனவர்கள் வாழும் கிராமம் அது. கீல்ஸ் குடும்பத்தின் நான்கு மகன்மாருக்கும் அவர்களது தாய் அங்கே நினைவுக்கல் நாட்டினார். கல்லில் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. கப்பலில் இருந்த குழந்தைகள் 25 பேர் என்பதை மறந்துவிடக் கூடாது. காயம்பட்ட சிப்பாய்களின் மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் கல் வைக்க வசதியுள்ளவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் எமக்குக் கணக்காக மட்டுமே வந்து சேர்கிறார்கள்.

ஆர்னிஸ்டனுக்குச் சாட்சி சொல்ல ஆறு பேராவது மிஞ்சினர். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன், 1807 ஜனவரியில் சென்னையிலிருந்து தென்னாபிரிக்கா நோக்கிப் போன ‘பிளென்ஹெய்ம்’, ‘ஜாவா’ என்ற இரு போர்க்கப்பல்களுக்கு அதுவும் இல்லை. பிளென்ஹெய்ம் 1761இல் கடலிறக்கப்பட்ட முதிய கப்பல். மலாக்கா நீரிணையில் தரைதட்டி முதுகொடிந்தது. நீரை இறைத்துக்கொண்டே மிதந்தது. இது கடலுக்கு ஆகாது என்று கப்பல் தலைவர் ஒஸ்டின் பிஸ்ஸல் எடுத்துச் சொல்லியும் தளபதி சேர் தோமஸ் ட்ரோபிறிட்ஜ் கேட்கவில்லை. அதே கப்பலில்தான் அவரும் ஏறினார். பெப்ரவரியில் மடகஸ்கார் பக்கமாகப் புயலில் சிக்கிய இரண்டையும் கூடச் சென்ற ‘ஹரியர்’ என்ற சிறு கப்பல் கடைசியாகக் கண்டது. அதற்குப் பின் ஒன்றுமில்லை. இரண்டிலும் சேர்த்து 800க்கும் மேற்பட்டோர்.

தளபதியின் மகன் எட்வர்டும் கடற்படை அதிகாரி. தந்தையைத் தேட அவரையே ‘கிரேஹவுண்ட்’ கப்பலில் அனுப்பினார்கள். மடகஸ்கார், மொரீசியஸ் பக்கங்களில் விசாரித்துக்கொண்டு போனார். பிரித்தானியாவும் பிரான்சும் போரில் இருந்த காலம் அது. ஆயினும் மொரீசியஸை ஆண்ட பிரெஞ்சுக்காரர், ஆபத்தில் தத்தளித்த கப்பல்கள் பற்றித் தமக்குக் கிடைத்த தகவல்களை எதிரியின் மகனுக்குக் கொடுத்தனர். உறுதியான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பிடம் இருக்கும் ஒரு தகவலுக்காக வருடக்கணக்கில் வீதியில் குந்தியிருப்பவர்களின் நாட்டிலிருந்து இதை வாசிக்கும்போது, அந்தத் தகவல் கொடுப்பு சின்ன விடயமாகப் படவில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரும்பாத கப்பலுக்கு அன்றே ஒரு நடைமுறை இருந்தது. லண்டனின் ‘லொயிட்ஸ் லிஸ்ட்’ பத்திரிகை கப்பல்களின் வருகையையும் அழிவையும் அச்சிட்டது. நியாயமான காலம் கடந்தும் செய்தி வராவிட்டால் கப்பல் காணாமற்போனதாகக் கொள்ளப்பட்டு, காப்புறுதிப் பணம் உரிமையாளரிடம் போய்விடும். பொருளுக்கு இருந்த அந்த முடிவு, சிப்பாயின் அல்லது மாலுமியின் மனைவிக்கு இருக்கவில்லை. அவள் விதவையா இல்லையா என்று சொல்ல யாருமில்லை. மரணச் சான்றிதழா, காணாமற்போனவர் என்ற சான்றிதழா என்ற கேள்வியோடு அலுவலகப் படியேறியவர்களுக்கு இந்த நிலையை நான் விளக்கத் தேவையில்லை.

பாதிரிமாரை ஏற்றிவந்த ‘கபால்வா’வும் தப்பவில்லை. 1818 ஜூலை 7ஆம் திகதி மொரீசியஸுக்கு வடகிழக்கேயுள்ள கார்கடோஸ் கராஜோஸ் பாறைத்திட்டுகளில் மோதியது. தலைவர் ஜேம்ஸ் டல்ரிம்பிள் நீரில் மூழ்கி இறந்தார். பிழைத்தவர்கள் ஒரு மணல்திட்டில் ஒதுங்கினார்கள். அவர்களில் சிலர் சிறுபடகில் மொரீசியஸ் போய்ச் செய்தி சொல்ல, மீட்புக் கப்பல் வந்தது. அந்தக் காலத்தில் வரைபடங்களே பாதி ஊகம்தான். ஜேம்ஸ் ஹோர்ஸ்பர்க் என்பவர் 1786இல் பிழையான வரைபடத்தை நம்பி டியேகோ கார்சியாவில் கப்பலை இழந்தவர். அதன்பின் இந்து சமுத்திரத்தின் ஆழங்களையும் நீரோட்டங்களையும் குறித்துவைப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக் கொண்டார். அவர் தொகுத்த வழிகாட்டி நூல் பல தலைமுறை மாலுமிகளின் கையில் இருந்தது.

வெளிச்சவீடுகள் மெதுவாகத்தான் வந்தன. அகுல்யாஸ் முனையில் விளக்கேறியது 1849இல், ஆர்னிஸ்டன் உடைந்து 34 வருடங்களுக்குப் பிறகு. எமது தீவின் தென்கிழக்கே, யால காட்டுக்கு நேரே கடலுக்குள் கிடக்கும் பாறைத்தொடர்கள் இரண்டு. பெரியதைச் சிங்களத்தில் ‘மகா ராவணா கோட்டுவ’ என்பார்கள். நெடுங்காலம் கப்பல்களை விழுங்கிய இடம் அது. அதில் 1873இலும் சிறியதில் 1878இலும்தான் வெளிச்சவீடு எழுந்தது. பாலமீன்மடுவில் மட்டக்களப்பு வெளிச்சவீடு 1913இல்.

பெரியநீலாவணையிலிருந்து தெற்கே, திருக்கோவிலும் கோமாரியும் இருக்கும் பக்கத்தில் சங்கமன்கண்டி முனை இருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கோடி அதுதான். அங்கேயும் ஒரு வெளிச்சவீடு நின்றது. 2004இல் வந்த அலை அதையும் சாய்த்துவிட்டது.